ரசமட்டம்

குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவே
ஒரு சாண் சுவர்.
யாரும் பார்க்காத இடம்.
முகம் கழுவும்போது கண் மூடியிருக்கும்,
கொப்பளிக்கும்போது தலை குனிந்திருக்கும்,
நிமிர்ந்தால் அவரவர் முகத்தைத்தான் தேடுவோம்.
வாஷ்பேசினோ சின்னது,
ஒரு கை கழுவினால் மறு கை காத்திருக்க வேண்டும்.
முப்பத்தொரு வருஷமாக அந்தச் சாண் சுவர்தான்
ஆரினுடைய தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

ஏரியில் விழுந்து கரையேறிய நாய்
உதறுவதுபோலத்தான் அவன் முகம் கழுவுவான்.
பெயின்ட் உப்பி, உரிந்து,
அடியில் பூஞ்சை கறுத்து
கரடியின் பாதத்தளவுக்கு வளர்ந்தது.
வருஷத்துக்கு ஒருமுறை சுரண்டிப் பூசினேன்.
நாளுக்கு இருமுறை திட்டினேன்.

நான் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள்,
ஏப்ரலில்தான் கை ஒழியும்.
டுலூத்தின் தெருக்கள் ஏரியை நோக்கி வழுக்கி இறங்குபவை.
அந்த மேட்டில் எங்கள் வீடும்
கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கமே சாய்கிறது.
சாப்பாட்டு மேசையில் ஒரு பட்டாணியை வைத்தால்
தண்ணீரைத் தேடி உருளும்.

கடையில் ஒரு தள்ளுபடிப் பெட்டி.
தீப்பெட்டி அளவு டைல்ஸ்,
பாசிப் பச்சை, இடையிடையே பாலாடை வெள்ளை.
யாரோ அளந்து வாங்கி
மனம் மாறித் திருப்பிக் கொடுத்தது.
"யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றான் ஆரின்.
"சுவர்" என்றேன்.

முதல் வரிசைக்கு ரசமட்டத்தைப் பிடிக்கச் சொன்னேன்.
இரண்டு கையாலும் பிடித்தான்.
மஞ்சள் திரவத்துக்குள் குமிழி
இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் அலைந்தது.
சாய்ந்திருப்பது வாஷ்பேசினா, வீடா,
இல்லை, இரண்டு வருஷமாக அவன் விரல்களில்
குடியிருக்கும் அந்த நடுக்கமா?
காபியை இப்போது அரைக் கோப்பைதான் ஊற்றுகிறேன்.
சட்டைப் பொத்தான்களை அறுத்து
ஜிப் வைத்துத் தைத்தேன்.
திட்டுவதை எந்த நாளில் நிறுத்தினேன் என்று நினைவில்லை.
நிறுத்தியதை அவன் கவனித்தான்.
அது நினைவிருக்கிறது.

ஓரத்தில் ரசம் போன பழைய கண்ணாடிக்குள்
என்னைப் பார்த்தான்.
அவன் காது பாதிதான் தெரிந்தது.
"நின்றதா?"
"நின்றுவிட்டது" என்றேன்.
நிற்கவில்லை.

அப்புறம் குமிழியைக் கேட்பதை விட்டுவிட்டேன்.
பசையை முழங்கைவரை பூசிக்கொண்டு
வாஷ்பேசினின் விளிம்பு எப்படிப் போகிறதோ
அதன் சாய்வுக்கே சாய்த்து ஒட்டினேன்.
நேராக வைத்திருந்தால்
கோணல் அத்தனையும் கண்ணில் அடித்திருக்கும்.
கூடவே சாய்ந்தால் தெரியாது.
தெரியாது என்றுதான் நினைத்தேன்.
மறுநாள் வந்த வில்மா நியேமி
உள்ளே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு
"ஏரிப்பக்கம் கொஞ்சம் இறங்குகிறதே" என்றாள்.
"கொஞ்சமா? நிறைய" என்றான் ஆரின்,
பரிசு வாங்கி வந்தவன்போல.

கிரௌட் காய மூன்று நாள்.
அதுவரை சமையலறையில்தான் பல் தேய்த்தோம்,
தோளோடு தோள் இடித்துக்கொண்டு.
பாலத்தைத் தூக்கச் சொல்லி
கீழே ஒரு கப்பல் ஊதியது.
வாயில் நுரையோடு அவனும் பதிலுக்கு ஊதினான்.

நான்காம் நாள் காலை
கதவுக்கு வெளியே காலுறையோடு நின்று கேட்டேன்.
பழைய சத்தம். நாய் உதறும் சத்தம்.
பச்சையின் மேல் பட்ட தண்ணீர்
இறங்கி, விளிம்பில் சேர்ந்து,
போக வேண்டிய ஓட்டைக்கே போனது.

"வெர்னா, அங்கேதான் நிற்கிறாய் என்று தெரியும்.
ஏதாவது ஒரு வார்த்தை சொல்லேன்."

எட்டிப் பார்த்தேன்.
பின்சுவர் பளபளவென்று இருந்தது.
இடப்பக்கச் சுவர்
தரைவரை நனைந்திருந்தது.
அதை நான் யோசிக்கவே இல்லை.

திட்டினேன். வாயாரத் திட்டினேன்.

பெட்டியில் இன்னும் ஒன்பது பச்சை இருக்கிறது.
போதாது.