ஏழாம் நொடி

அழைப்புமணிக் கேமராவுக்குக் கண் உண்டு, காது இல்லை.
டுலூத் நகரம், பிப்ரவரி, காலை ஏழே முக்கால்.
பனி ஒதுக்கிய பாதையில் இரண்டு ஆண்கள்.
வாயிலிருந்து ஆவி மட்டும் வருகிறது.
பிறகு ஒருவர் கை.
பிறகு இன்னொருவர் தரையில்.
மொத்தம் பதினொரு நொடி.

குற்றப்பத்திரிகைக்கு ஒரே வினைச்சொல் போதும்: அடித்தார்.
என் பிழைப்பு மற்ற வினைச்சொற்களில்.
தள்ளினார். விலக்கினார். தடுத்தார்.
கை பட்டது.
இதில் ஆளே இல்லை, கவனித்தீர்களா,
கை தானாகப் போய்ப் பட்டுவிட்டுத் திரும்பியதுபோல.

ஆரின் கூசேலா, ஐம்பத்தெட்டு, நகராட்சிப் பனிவண்டி ஓட்டுநர்.
தொப்பியைக் கழற்றாமல் என் எதிரே.
அரசு கொடுத்த வக்கீல் நான்,
மேசையில் இன்னும் முப்பத்தொன்பது கோப்பு.

டோலெஃப்சன் பனிவாரியை ஓங்கினாரா?
"இல்ல. அதுமேல சாஞ்சுதான் நின்னான்."
யோசித்துச் சொல்லுங்கள்.
"யோசிக்க என்ன இருக்கு."

பையனைப் பற்றி ஏதோ சொன்னானாம்.
என்ன சொன்னார்?
தொப்பி இப்படியும் அப்படியும் ஆடுகிறது.
பையன் போய் இது மூன்றாவது குளிர்காலம்.

சொல்லுக்கு எதிராகத் தற்காப்பு கிடையாது சட்டத்தில்.
சொல் எலும்பை உடைப்பதில்லை.
டோலெஃப்சனின் தோள் இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது,
எக்ஸ்ரே, பக்கம் நாற்பத்தொன்று.

நவம்பரில் விசாரணை.
கூசேலாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை.
ஏற்றினால் உண்மையைச் சொல்லிவிடுவார்.
படத்தை ஏழாம் நொடியில் நிறுத்தினேன்.
தாழ்ந்த சூரியன், பனிமேல் நீல நிழல்,
வாரியின் நிழல் சற்றே நீண்டதுபோல.
மேகம் விலகியிருக்கலாம்.
எழுந்தது என்று நான் சொல்லவில்லை.
பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.
பன்னிரண்டு பேர் பார்த்தார்கள்.
மூன்றாம் நாற்காலியில் பள்ளிக்கூடச் சமையற்காரம்மா
கண்ணைச் சுருக்கி, முன்னால் குனிந்து,
பார்த்தேவிட்டார்.

அன்றிரவு எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது அவர்கள் உள்ளே, கதவு சாத்தியிருக்கிறது.
நாங்கள் தாழ்வாரத்தில், இயந்திரக் காப்பியுடன்.
ஜன்னலுக்கு வெளியே ஏரி இருக்குமிடத்தில் ஒன்றுமில்லை,
வெள்ளைதான்.

"பாத்தீங்களா," என்கிறார் கூசேலா,
"சத்தியம் பண்ணச் சொன்னப்ப
அவன் இடது கையத்தான் தூக்கினான்."
பார்த்தேன்.
"வலது ஏறல."
பார்த்தேன்.
அதை ஜூரி கவனிக்காதபடி
அந்நேரம் காகிதங்களைக் கீழே தவறவிட்டதும் நான்தான்.

அவர் கோப்பையைக் கசக்காமல் பத்திரமாக மடிக்கிறார்.
"ராத்திரி எட்டு அங்குலம் விழுமாம்.
அவன் வாசல யாரு வாருவா?"

கட்சிக்காரர் வக்கீலிடம் பேசுவது ரகசியம்.
இதை எந்தக் கோப்பில் எழுதுவது என்று தெரியாமல்
பேனாவை மூடினேன்.
காவலர் கதவைத் திறந்து
எங்கள் பக்கம் தலையசைக்கிறார்.