பிரிதுறை

முதலில் அறிந்தது கழிப்பறைதான்.
குவோபியோவுக்கு வடக்கே மரவாடியில் இரவுப் பணி,
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
சுவரைப் பார்த்து நின்றேன்.
நின்றேன்.
சொட்டு. பிறகு யோசனை. பிறகு சொட்டு.

திரும்பி வந்தபோது சங்கிலிப் பட்டை ஓடிக்கொண்டே இருந்தது.
நீலத் தலைக் கட்டைகள் காகிதக்கூழ்க் குவியலில்,
சிவப்புத் தலைகள் அறுவைக் கூடத்தில்.
எல்லாம் ஒரே காட்டு பைன், ஒரே வாரம் சாய்த்தவை.
வெட்டும் எந்திரம் தலையில் தெளிக்கும் வண்ணத்தைப் பார்த்து
இது பலகைக்கு, இது காகிதத்துக்கு என்று
வழி திறப்பது என் வேலை.
பதினொரு நிமிடம் நான் அங்கே இல்லை.
தெவுவோ கத்தினான்.
அவன் கத்தினால் அடுத்த கரையில் நாய் எழும்.

கல்லாவேசி ஏரியில் பனி உடைந்த வாரம் அறிக்கை வந்தது.
டாக்டர் ஓவ்தி வான்ஸ்கா வரையத் தெரியாதவர்,
ஆனாலும் வரைந்தார்:
ஒரு நூல், நூலில் வரிசையாகக் கண்டுகள்,
கண்டுகளின் வால்களில் புள்ளிகள்.
ஒரு செல்லுக்குள் இரண்டு மீட்டர் நூலாம்.
இறுக்கிச் சுற்றிய இடத்தை யாரும் வாசிப்பதில்லை,
தளர்ந்த இடம் வாசிக்கப்படும்.
எது இறுக, எது தளர என்பதை
அந்த மீத்தைல் புள்ளிகள் சொல்லும்.
கண்டுகளை நகர்த்தி ஒழுங்காய் வைக்கும் மரபணு ஒன்று,
புற்றுக்குக் கடிவாளம் அது,
உங்கள் கட்டியில் இல்லை.
இரண்டு பிரதியும் இல்லை.

எங்கே தொலைத்தேன் என்று கேட்டேன், சாவியைக் கேட்பதுபோல.
அவர் சிரிக்கவில்லை.
ஏதோ ஒரு செல் இரண்டானபோது, என்றோ ஒருநாள், என்றார்.

மற்ற எழுத்துகள்?
பெரும்பாலும் அப்படியே.
பிறகு என்னதான் மாறியது?

ஆண் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பி
பழையபடி வேலைக்கு வருகிறது.
அது உட்காரும் இடங்கள் சில மூடிக் கிடக்கின்றன.
திறக்கக் கூடாத கதவுகள் திறந்து கிடக்கின்றன.
அங்கே போய் உட்கார்ந்துகொண்டு
வளர் என்கிறது, வளர், வளர்.

எழுத்து மாறவில்லை.
தலையெழுத்து மாறிவிட்டது.

காவலுக்கு இருந்தவன் ஒன்றுக்குப் போய்விட்டான் என்று சொல்லுங்கள்,
என்றேன்.
இப்போது சிரித்தார், பேனா மூடி உருண்டு கட்டிலடியில் போனது.
அதைக் குனிந்து தேடியபடியே சொன்னார்:
இவன் திரும்பி வரமாட்டான், ஐமோ.

வயிற்றில் ஊசி, மூன்று மாதத்துக்கு ஒன்று.
ஹார்மோன் வற்றியதும் உடம்புக்குள் சவுனா.
அடுத்த டிசம்பரில் நள்ளிரவு நான் ஜன்னலைத் திறக்க,
ஹில்லெவி கம்பளித் தொப்பியோடு தூங்கினாள்.
ஒரு வார்த்தை சொல்லவில்லை,
காலையில் தொப்பிக்குமேல் இன்னொரு தொப்பி.

அப்படி விழித்திருந்த ஒரு இரவில்தான்
என் உவமையில் பிழை கண்டேன்.
அன்று இடம் மாறிய கட்டைகளை
விடிவதற்குள் தெவுவோவும் நானும் கிரேனால் மாற்றிவிட்டோம்.
கட்டை குட்டி போடாது.
தலையில் விழுந்த தப்பு நீலத்தை
பிள்ளைக்கும் பிள்ளையின் பிள்ளைக்கும்
பூசிவிட்டுப் போகாது.

டாக்டரிடம் சொன்னேன். குறித்துக்கொண்டார், எதற்கோ.
புதிதாய் ஒரு மாத்திரை சோதனையில் இருக்கிறது,
புள்ளி வைக்கும் நொதியின் கையைக் கட்டுமாம்.
பலிக்குமா?
சிலருக்கு, சில காலம்.
தொலைந்ததைத் தர முடியாது.
வண்ணத்தை வேண்டுமானால் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கலாம்.
கையெழுத்துப் போட்டேன். ஆறு பக்கம்,
ஆறிலும் என் பெயர் வேறுவேறு மாதிரி விழுந்தது.

வேலைக்குத் திரும்பிவிட்டேன்.
இரவில் நான்கு முறை, சில நாள் ஐந்து.
இப்போதெல்லாம் சிவப்புப் பொத்தானை அழுத்தி
பட்டையை நிறுத்திவிட்டுத்தான் எழுகிறேன்.
தெவுவோ தூரத்திலிருந்து பார்ப்பான், கத்துவதில்லை.
நீலமும் சிவப்புமாய்த் தலைகள்
உறைபனியில் வரிசை கலையாமல் காத்துக் கிடக்கின்றன,
நான் சுவரைப் பார்த்து நிற்கிறேன்.
சொட்டு.