நாற்பத்தோராம் குழாய்

தலைஞாயிறு தாண்டி, அரிச்சந்திரா நதியின் கடைமடை.
ஓட்டை போட்ட பிவிசி குழாய், தலையில் ஒரு சென்சார்.
மண்ணுக்குக் கீழே பதினைந்து சென்டிமீட்டர்
தண்ணீர் இறங்கினால் மீத்தேன் குறையும்.
குறைந்ததை எடைபோட்டு
ஒப்பந்தம் தானே பணம் அனுப்பும்.
தரகனில்லை, கமிஷனில்லை,
ஒருவராலும் அழிக்க முடியாத கணக்கு,
பிளாக்செயின் என்று சொல்லித்தான் நட்டேன்.

நாற்பத்தொன்றுதான் பட்டியலில் முதலிடம்.
பார்க்கப் போனேன்.

பாளம் பாளமாய் வெடிப்பு.
பயிர் முழங்காலைக்கூட எட்டவில்லை.
முறை வைத்து விட்ட தண்ணீர்
மூன்று ஷட்டருக்கு மேலேயே நின்றுவிட்டதாம்.

காயப்போட்ட வயலுக்கும்
காய்ந்துபோன வயலுக்கும்
சென்சாரில் ஒரே எண்.

"நேத்தும் காசு வந்துது தம்பி"
என்றார் பக்கிரியம்மாள்.
புகாராகவும் இல்லை, நன்றியாகவும் இல்லை.
"வராத தண்ணிக்குக் குடுக்குது.
வந்தா நிறுத்திப்புடுமா?"

நிறுத்தும்.
அப்படித்தான் எழுதியிருக்கிறது.
திருத்த, எழுதியவனாலும் ஆகாது.

அந்தக் காசில்தான்
டீசல் இன்ஜின் வாடகைக்கு எடுத்திருக்கிறார்.
கரும்புகை பனைகளுக்கு மேலே போகிறது;
அதற்கு நான் குழாய் நடவில்லை.

வடிவாய்க்காலில் மிச்சமிருந்த கலங்கல்
ஓஸ் வழியே வந்து
வெடிப்புகளுக்குள் சளசளவென்று இறங்குகிறது.
எத்தனை குடித்தும் மேலே வரக் காணோம்.
பிறகு வந்தது.

என் போன் அதிர்ந்தது:
குழாய் 41. நீர்மட்டம் உயர்வு. தகுதி ரத்து.

சேற்றுக் கையை முந்தானையில் துடைத்தபடி
பக்கிரியம்மாள் எட்டிப் பார்த்தார்.
"நல்ல சேதியா?"

ஆமாங்க என்றேன்.