மீளும் நேரம்

குழாய் உலைக்குள்
துத்தநாக ஆக்சைடும் கரித்தூளும் சரிக்குச் சரி.
ஆர்கான், நூல் பிடித்தாற்போல் ஓட்டம்.
சிலிக்கான் சில்லின் மேல்
எந்தப் பத்தரின் தராசும் ஒப்புக்கொள்ளாத
தங்கப் பூச்சு, மூன்று நானோமீட்டர்.

சூட்டில் அந்தத் தங்கம் சொட்டுச் சொட்டாய்த் திரளும்.
ஒவ்வொரு சொட்டும் துத்தநாக ஆவியைக் குடித்து,
தாளாமல் அடியில் ஒரு கம்பியை விட்டு
அதன் தலையில் தானே ஏறிக்கொள்ளும்.
அப்படித்தான் படித்தது.
மூன்று மாதம் எனக்குக் கிடைத்தது புழுதி.

பதினேழாம் ஓட்டம். ஐப்பசி மழை.
கழனிவாசல் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து
காரைக்குடியில் பாதி இருண்டது.
உலை தானாய் ஆறட்டுமென்று
போய்ப் படுத்துவிட்டேன்.
காலையில் சில்லின் மேல்
எருக்கங்காய் வெடித்த வெள்ளை.
ஏனென்று இன்றும் தெரியாது.
"மெதுவான குளிர்விப்பு" என்று ஆய்வேட்டில் எழுதினேன்;
சகாயமேரி சிரித்தாள்.

வெள்ளிப் பசையில் இரண்டு முனை,
கீழே முந்நூறு டிகிரி, பக்கத்தில் மீட்டர்.
மார்கழியில் ஒரு செவ்வாய்
சிலிண்டரைத் தொடக்கூட இல்லை, கோடு சரிந்தது.
மின்தடை பாதி. அப்புறம் கால்.
ஒட்டு விட்டதென்று வயரை ஆட்டினேன்.
"கேண்டீன்ல முட்டை வேகுது" என்றாள்.
முட்டைக்கு இவ்வளவு சரியாது.
ஜன்னலைச் சாத்தினேன், ஏறியது.
திறந்தேன்.

கீழே விடுதிக்குப் பின்னால் மஞ்சள் லாரி.
தொட்டி மூடி திறந்து கிடந்தது.
குழாயில் அடைப்பாம். கைலியை மடித்துக் கட்டிய ஒருவர்
ஏணியில் ஒரு காலை வைத்திருந்தார்.

"இறங்காதீங்க!"
"இப்ப நாத்தமே இல்லையேம்மா.
மொதல்ல இருந்துச்சு, போயிருச்சு."
பெயர் மூக்கையா.

ஹைட்ரஜன் சல்ஃபைடு கூடினால்
மூக்குதான் முதலில் சாகும் என்று
மூன்றாம் அத்தியாயத்தில் மேற்கோள் எண்ணோடு எழுதியவள் நான்.
அங்கே ஒரு வார்த்தை வரவில்லை.
சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

டிரைவர் கத்தினார், "அப்ப நீங்க இறங்குங்க."
பிறகு அவரே மோட்டாரைத் திருப்பிப் போட்டுத்
தண்ணீரை எதிரே அடித்தார்.
நாற்பது நிமிடத்தில் அடைப்பு விட்டது.

டீ குடிக்கையில் மூக்கையா கேட்டார்,
"அந்தக் கம்பியக் காட்டுங்க."
"கண்ணுக்குத் தெரியாதுண்ணே."
"அப்ப தொலஞ்சா தேட வேணாம்."

அடுத்த தொட்டி தேவகோட்டை ரஸ்தாவில்.
லாரி போய்விட்டது.
ஜன்னலோரம் என் சில்லு.
கோடு பழைய இடத்துக்கு வரப்
பதினொரு நிமிடம்.
குறித்துக்கொண்டேன்.