நூற்றிருபத்தேழு பற்கள்

தண்டர் பே. ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
நிலவறையில் லேத்தின் பக்கமூடியைத் திறந்து
பல்சக்கரங்களை ஒவ்வொன்றாய்க் கழற்றுகிறேன்.
காப்பித் தகரத்தில் விழும்போது
ஒவ்வொன்றும் வேறு சுருதி.

ஆர்டித்தின் பனித்துளைப்பானில்
கைப்பிடித் தண்டு முறிந்ததில் தொடங்கியது இது.
சுவீடன்காரன் செய்தது. இடக்கை மரை.
மரைக்கு மரை ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர்.
என் லேத்தோ அங்குலத்தில் பிறந்தது:
நெடுந்திருகு ஒரு சுற்றுக்கு அரைக்கால் அங்குலம் நகரும்,
அதற்குமேல் யார் பேச்சையும் கேட்காது.
இரண்டு அளவுக்கும் நடுவே தரகு பேச
நூற்றிருபத்தேழு பல் வைத்த சக்கரம் வேண்டும்.
எதனாலும் வகுபடாத எண்.
பழைய சொந்தக்காரர் கொடுத்த பெட்டியில்
அது ஒன்றுதான் இல்லை.

"ஒரு சக்கரம் வாங்கினால் போதுமே" என்றாள்.
போதும்தான்.
நான் வாங்கி வந்தது ஸ்டெப்பர் மோட்டார், என்கோடர்,
பல் வைத்த பட்டை இரண்டு,
தீப்பெட்டி அகலத்தில் ஒரு பலகை.
மரை கழன்றவன் கையில் மரை வெட்டும் வேலை,
சொல்லிவிட்டுப் பள்ளிப் பேருந்தை எடுக்கப் போனாள்.

மூன்று வாரம். அடைப்புத் தகடு துளைக்க ஒன்று,
கம்பிகளைப் பற்றவைக்க ஒன்று,
மாற்றிப் பற்றவைத்ததைப் பிரிக்க ஒன்று.
பிறகு ஒரு புதன்கிழமை ஸ்விட்சைப் போட்டேன்.
ஸ்பிண்டில் சுற்ற, என்கோடர் எண்ணியது,
பலகை பெருக்கி வகுத்தது,
நெடுந்திருகு அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டு ஊர்ந்தது.
இரும்பாய் இருந்திருக்க வேண்டிய நூற்றிருபத்தேழு
ஒரு வரிக்குள் வெறும் எண்ணாய் உட்கார்ந்திருந்தது.
எண்ணெய் கேட்கவில்லை. இடக்கை மரைக்கு
ஒரு கழித்தல் குறி போதுமாயிருந்தது.

படியில் காலடி.
"என்ன ஆச்சு?"
ஒன்றுமில்லையே.
"சத்தமே இல்லை. அதான்."

அன்றிரவே இன்னும் இரண்டு முறை வந்தாள்,
ஒருமுறை துவைக்காத துணியைத் துவைத்தெடுக்க.

தண்டை வெட்டி முடித்து நட்டை ஏற்றினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது சுற்றில்
பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.
நிரலை வரிவரியாய்த் துருவினேன். மோட்டாரை வைதேன்.
விடிகாலை, பேருந்துக்குப் போகும் கோட்டோடு
ஆர்டித் வந்து, என்கோடர் சக்கரத்தில்
ஒரு பல்லுக்கு நகப்பூச்சு வைத்து
வாய்விட்டு எண்ணினாள்.
அறுபத்தொன்று.
பொட்டலத்தில் அறுபது என்றுதான் போட்டிருந்தது.
பிள்ளைகளை இறக்கிவிட்டுத் தலையை எண்ணுகிறவள்
பொட்டலத்தை நம்புவதில்லை.

ஓர் இலக்கத்தைத் திருத்தினேன்.
இரண்டாவது தண்டில் நட்டு
விரல்நுனி தள்ளவே கடைசிவரை ஓடியது.
சிவப்புப் பொட்டு இன்னும் சுற்றுகிறது.

பிறகு காப்பித் தகரத்தில் கைவிட்டு
இரண்டு சக்கரங்களைத் தேடியெடுத்தேன்,
ஒன்றில் பல் கொஞ்சம் தேய்ந்தது.
ஸ்பிண்டில் பக்கம் மாட்டினேன்.
எதோடும் இணையவில்லை அவை,
எதையும் நகர்த்தவில்லை,
கடகடவென்று சும்மா சுற்றுகின்றன,
தரைப்பலகை வழியாகச் சமையலறை வரை.

மேலிருந்து ஆர்டித் கத்துகிறாள்:
"இன்னுமா அந்த மோட்டாரை மாட்டி முடியவில்லை?"