நாலரைக்கு மட்டும்

செவ்வாய்க்கிழமை வந்தால் போனின் வாயைக் கட்டிவிடுவேன்.
மறுநாள் புதன், கடன்காரன் வரும் நாள்.
கடன்காரன் என்றால் முறுக்கு மீசைக்காரன் இல்லை,
நிரோஷன், இருபத்துநாலு வயசு,
சிவப்பு ஹெல்மெட்டைக் கழற்றாமலே
"அக்கா, எடுக்கவே மாட்டேங்கிறீங்க" என்பான்.
கூரைத் தகரத்துக்கு வாங்கிய காசு.
தகரம் துருவேறிவிட்டது, தவணை இன்னும் புதுசு.

சைலண்ட் என்றால் முழு ஊமை என்றுதான் நினைத்தேன்.
முதல் நாள் நாலரைக்குத் தலையணைக்கடியில் அது கத்தியபோது
பழுதான சாமானைத் தந்துவிட்டாளென்று மகளைத் திட்டினேன்.
கொழும்பில் துணிக்கடையில் நிற்கும் யசோதினி சொன்னாள்:
"அலாரம் சைலண்டுக்கு அடங்காதும்மா.
அப்படித்தான் செஞ்சு அனுப்புறாங்க."

எங்கேயோ ஒருவன் உட்கார்ந்து பிரித்திருக்கிறான்
இது அடங்க வேண்டிய சத்தம்,
இது அடங்கக் கூடாத சத்தம் என்று.
பெரட்டுக்களம் அவன் பார்த்திருக்க மாட்டான்.
பிந்திப் போனால் அரைப்பேர் என்பதும் தெரிந்திருக்காது.
இருந்தும் எப்படியோ
தொரை பக்கமாகத்தான் பிரித்திருக்கிறான்.

பக்கத்துக் காம்பரா மருதவீரன்.
பேக்டரியில் ராவேலை, நாலு மணிக்கு வந்து படுப்பார்.
நடுச்சுவர் கூரையைத் தொடாது.
அவர் இருமல் எனக்கு, என் அலாரம் அவருக்கு.
நாலரை ஆனால் சுவரில் மூன்று குத்து விழும்.
ஆறு வருஷமாக எங்கள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

ஐப்பசி மழை.
மூன்று நாளாக மலை முகம் காட்டவில்லை.
பீலியில் தண்ணீர் சாயம் கூடிய தேத்தண்ணி மாதிரி விழுந்தது.
அன்றைக்கும் செவ்வாய்.
வெளிச்சம்கூட என்னைக் கூப்பிட வேண்டாமென்று
அரிசி டின் மேல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ரெண்டு மணிக்குச் சுவரில் குத்து.
இன்னும் அடிக்கவே இல்லையே, என்று
தூக்கத்திலேயே அவரோடு வாதாடினேன்.
மூன்றோடு நிற்கவில்லை.
ஏழு, எட்டு, பிறகு எண்ண முடியாமல்
சுண்ணாம்பு உதிர்ந்து வாயில் விழுந்தது.
கரண்ட் போய் பேக்டரி நின்றதில் நேரத்தோடு திரும்பிய மனுஷன்
சுவருக்கு மேலால் கத்தினார்:
"எழும்பு தங்கச்சி, மேட்டுல வெடிப்பு!"

சின்னவள் ஒரு கையில், பொடியன் ஒரு கையில்,
அடையாள அட்டைப் பை பல்லில்.
போனை எப்போது எடுத்தேன், தெரியாது.
பள்ளிக்கூட மண்டபத்தில் முப்பத்தொரு குடும்பம்.
ஈரக் கம்பளி வாசத்துக்கு நடுவே திருப்பிப் பார்த்தேன்.
தவறிய அழைப்புகள் பதினான்கு.
பதினொன்று கிராம சேவகர், சாந்தனி மிஸ்.
ரெண்டு யசோதினி.
ஒன்று நிரோஷன், ராத்திரி ஒன்றரைக்கு.

ஒன்றரைக்கு யாரும் தவணை கேட்பதில்லை.

நாலரை மணி.
அழுத பிள்ளைகளெல்லாம் ஒருவழியாக அடங்கிய நேரம்
மடியில் அது கத்தத் தொடங்கியது.
வேலையில்லாத காலைக்கு,
போக முடியாத மலைக்கு,
கடமை தவறாமல்.
எல்லாத் தலையும் எழும்பின.
நடுங்கும் விரலுக்குப் பொத்தான் அகப்படவில்லை.
அப்போது மண்டபத்துக் கோடியில் மருதவீரன்
சிமெந்துத் தரையில் மூன்று குத்துக் குத்தினார்.
யாரோ சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

ஆறு நாளாயிற்று. மலை இன்னும் விழவில்லை,
எங்களை இன்னும் லயத்துக்கு விடவில்லை.
யசோதினி புதுசாக ஒன்று சொல்லித் தந்தாள்:
பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டால்
அவர்கள் மட்டும் சைலண்டை மீறிக் கூப்பிடலாமாம்.
சாந்தனி மிஸ்ஸுக்குப் போட்டேன். அவளுக்குப் போட்டேன்.
மருதவீரனின் நம்பர் என்னிடம் இல்லை,
சுவர் இருந்தவரை அது தேவைப்படவில்லை.

நிரோஷன் பெயருக்கு மேல் விரல் நிற்கிறது.
போன வாரம் பாதை மூடிக் கிடந்தது, வரவில்லை.
இன்றைக்குப் பாதை திறந்துவிட்டார்கள்.
நாளைக்குப் புதன்.