திருப்பத்தில் ஒரு முனகல்

பனியில் சிவப்பாய்ச் சொட்டியிருந்ததைப் பார்த்து
அடிபட்ட மான் என்று நினைத்து
டார்ச்சும் கையுமாக என் வாசல்வரை வந்துவிட்டார்
எதிர்வீட்டு வெர்னர்.
மான் இல்லை, மெர்க்குரி என்றேன்,
தொண்ணூற்றாறாம் வருடத்து வண்டி.
குனிந்து தொட்டு, முகர்ந்து,
ஏமாற்றத்தோடு திரும்பிப் போனார்.

ஸ்டீயரிங் பம்ப்பில் சீல் போய்விட்டது.
வாரத்துக்கு அரை பாட்டில் குடித்தது,
அப்புறம் ஒன்று,
மினசோட்டா ஜனவரி மைனஸ் முப்பதைத் தொட்ட வாரம்
மூன்று.
ஒழுக்கை அடைக்கும் மருந்தென்று கடையில் ஒன்று கொடுத்தார்கள்.
அதையும் சேர்த்து ஒழுக்கியது.

நேர்ச்சாலையில் வாயே திறக்காது.
இடப்பக்கம் ஒடித்தால் கன்றைத் தேடும் பசு.
வலப்பக்கம் முழுக்க ஒடித்தால்
லூதரன் கோவில் ஆர்கனில்
யாரோ முழங்கையை ஊன்றிவிட்ட மாதிரி.

மெக்கானிக் நானூற்றெண்பது டாலர் கேட்டார்.
வண்டியே அறுநூறு பெறாது.

கப்பி கழற்றும் கருவியை முன்பணம் கட்டி இரவல் வாங்கி
ஒரு சனிக்கிழமையை கராஜில் தொலைத்தேன்.
வரமாட்டேன் என்றது கப்பி.
வந்தபோது
என் கட்டைவிரல் தோலையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு வந்தது.
பழைய பம்ப், உறைந்த கோழி கனம்.
புதியதை மாட்டி, ஆயில் ஊற்றி,
முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி,
குமிழ் அடங்கும்வரை
எஞ்சினை முடுக்காமல், எங்கும் போகாமல்
இருபது தடவை இடமும் வலமும் திரும்பினேன்.

திங்களன்று சத்தமே இல்லை.
பகல் சாப்பாடு கொண்டுபோகும் வேலை எனக்கு,
பதினேழு வீடு, பதினேழு பெட்டி.
ஒன்பதாவது, உர்ஹோ லாம்பி.
இரும்புச் சுரங்கத்தில் முப்பது வருடம்,
கண் தீர்ந்துவிட்டது, காது மிச்சம்.

எப்போதும் திறந்திருக்கும் கதவு அன்று சாத்தியிருந்தது.
மணி அடித்தேன். இன்னொரு தடவை.
சட்டைப் பொத்தானைத் தேடியபடி வந்தார்.
"யாரு?"
மார்லிஸ்தான்.
"வண்டி எங்கே?"
வாசல்ல.
அவர் நம்பவில்லை.

சமையலறையில் காப்பி வாசனை இல்லை.
அந்த நேரத்தில் அவர் காப்பி குடிப்பது வழக்கமென்றல்லவா
நினைத்திருந்தேன்!
"நீ முனையில் திரும்பும்போதே அடுப்பைப் பத்தவைப்பேன்" என்றார்,
நான் பொருளைத் திருடிக்கொண்டதுபோல.

செவ்வாயன்று முனையில் ஹாரன் அடித்தேன்.
"ஹாரனை யாரு வேணும்னாலும் அடிப்பான்."

பழைய பம்ப்பைக் கடையில் கொடுத்தால்
பதினெட்டு டாலர் திரும்ப வரும்.
இன்னும் டிக்கியில்தான் உருண்டுகொண்டிருக்கிறது.

புதுப் பம்ப்பும்,
சக்கரத்தைக் கடைசிவரை ஒடித்துப் பிடித்தால்
கொஞ்சம் முனகத்தான் செய்கிறது.
ஐந்து விநாடிக்கு மேல் பிடித்தால் கெட்டுவிடுமாம்,
பெட்டிக்குள் வந்த தாளில் போட்டிருக்கிறது.

முனையில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி,
ஒடித்துப் பிடித்துக்கொண்டு
நான்குவரை எண்ணுகிறேன்.